அணைக்கக் கூடாத பெட்டி

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. மற்றபடி கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ரேக் அண்ணன்தான். அவரைவிட வயதில் மூத்த கிடங்குக் காவலாளிக்கும் அண்ணன், போன வாரம் சேர்ந்த விற்பனைப் பெண்ணுக்கும் அண்ணன்.

கம்பெனி குளியலறைச் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்பது. குழாய், ஷவர், வாஷ்பேசின், உட்காரும் வகை, குந்தும் வகை. தரைத்தளத்தில் கிடங்கு, மாடியில் விற்பனையும் கணக்கும். கணக்குப் பிரிவுக்குப் பின்னால் ஒரு காலத்தில் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறை. அந்த அறையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி. அதுதான் ரேக். அடித்தட்டில் மின்சாரம் போனால் பேட்டரியில் தாங்கும் யுபிஎஸ், மேல்தட்டில் நீலக் கேபிள்கள் தொங்கும் ஸ்விட்சுகள், நடுவில் தட்டையாக, நீளமாக ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான் சர்வர். கிடங்கில் எத்தனை குழாய் இருக்கிறது, எந்தக் கடைக்காரர் எவ்வளவு எடுத்தார், யாருக்கு என்ன சம்பளம், எல்லாம் அதன் வயிற்றுக்குள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பெருமை உண்டு. ரேக் அண்ணன் அதை ரேக்கின் பக்கச் சட்டமான ரெயிலில் ஏற்றி ஸ்விட்சைத் தட்டிய நாளிலிருந்து அது ஒரு தடவைகூட அணைந்ததில்லை. தொடர்ந்து எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்டால் அதுவே திரையில் காட்டும். அந்த எண் நாலு இலக்கத்தைத் தொட்ட அன்றைக்கு அவர் தன் செலவில் அலுவலகத்துக்கே கேக் வெட்டினார். ஊரில் மற்றவர்கள் பிள்ளைகளின் மார்க்கைக் காட்டிப் பெருமையடிப்பார்கள். இவருக்கும் ஒரு மகள் இருந்தாள், நன்றாகவும் படித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடம் இவர் போனில் எடுத்துக் காட்டியது அந்த எண்ணைத்தான்.

தொழிலில் ஆள் சோடை போனவர் அல்ல. அதைச் சொல்லாவிட்டால் பாவம். டிஸ்க் ஒன்று ஆரஞ்சு விளக்கு காட்டினால் பெட்டி ஓடும்போதே அதை உருவிப் புதிதைச் செருகுவார். இரண்டு பவர் சப்ளையில் ஒன்று போனால் மற்றதில் ஓடவிட்டு முதலாவதை மாற்றுவார். ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டியிருப்பார். காற்றாடியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார். செய்யாத வேலை ஒன்றே ஒன்று: அணைத்து எழுப்புவது. ‘மாற்றங்கள் நடைமுறைக்கு வர மறுபடி தொடங்கவும்’ என்று திரை கெஞ்சும்போதெல்லாம் ‘பிறகு’ என்ற கட்டத்தைத் தட்டிவிடுவார். அந்தப் ‘பிறகு’ வருஷக்கணக்கில் மலையாகக் குவிந்துகிடந்தது.

ஏன் என்று கேட்டால் அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. “சுத்திக்கிட்டே இருக்கிற டிஸ்க் சுத்திக்கிட்டே இருக்கும். நின்னுதுன்னா உள்ளே இருக்கிற பிசுக்கு இறுகிடும். அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் எழுந்திருக்காது.” இதில் கொஞ்சம் உண்மை உண்டு. வயதான டிஸ்க்குகள் நின்றபின் எழாமல் போனதைத் தொழிலில் பலர் பார்த்திருக்கிறார்கள். ரேக் அண்ணன் அந்தக் கொஞ்சத்தை எடுத்துச் சோறூட்டி, தாலாட்டி, தன்னைவிட உயரமாக வளர்த்துவிட்டார். தினமும் எடுக்கிற காப்புப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்க முடியுமா என்று அவர் சோதித்ததே இல்லை. சோதிக்க இன்னொரு பெட்டி வேண்டும். இன்னொரு பெட்டி வந்தால் இந்தப் பெட்டியின் மவுசு என்னாவது? அதனால் அவர் கேட்கவும் இல்லை.

தத்துவத்தால் கிடைத்த மரியாதையைச் சும்மா சொல்லக்கூடாது. மேனேஜர் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறவர், இவரைப் பார்த்தால் மட்டும் குரலை இறக்குவார். கம்பெனியில் ஆள் குறைத்தபோது கணக்கில் இரண்டு நாற்காலி காலியானது, விற்பனையில் ஒன்று காலியானது, ரேக் அண்ணனின் நாற்காலியை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் இல்லாத நாளில் பெட்டி நின்றுவிட்டால்? அந்த நினைப்பு வந்தாலே முதலாளி பேச்சை மாற்றிவிடுவார்.

வீட்டில்தான் வேறு கதை. அவர் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களிடம் இதமாகப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பாக்கி இருப்பதையெல்லாம் கணவரிடம் பேசுவாள். பெட்டிக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. “உங்க சக்களத்தி எப்படி இருக்கா? இன்னைக்காவது தும்மாம இருந்தாளா?” என்பாள். அவர் தங்கச்சி கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, பாத்திரம் கழுவும் நேரத்தில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தவர் அவர். மகளின் நீச்சல் போட்டியை அவர் பார்த்ததெல்லாம் மகள் தலை துவட்டிக்கொண்டு இருக்கும்போதுதான். மூன்று நாள் சேர்ந்தாற்போல ஓர் ஊருக்குப் போனதில்லை. மச்சான் ஒருமுறை, “மாப்ளே, உங்க வீட்டுக்காரியையும் ஒரு ரேக்ல வெச்சுப் பூட்டிட்டா நீங்க ஒழுங்காப் பார்த்துப்பீங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் முதலாளியின் மருமகன் வந்து ஏறினான். வெளியில் படித்துவிட்டுக் கம்பெனியில் சேரப் போகிறான், அவனுக்கு ஓர் அறை வேண்டும். கட்டடம் முழுக்க அளந்து பார்த்தார்கள். கணக்குப் பிரிவுக்குப் பின்னால் உள்ள அறைதான் வாகாக இருந்தது. துடைப்பத்தை ஏற்கெனவே துரத்தியாகிவிட்டது, அடுத்தது பெட்டிதான். மேல்தளத்தில் அதற்குக் கண்ணாடிச் சுவர் போட்டு ஓர் அறை தயாரானது. வருகிற வாடிக்கையாளர்கள் விளக்குகள் மினுக்குவதைப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது மேனேஜரின் ஏற்பாடு. குழாய் வாங்க வருகிறவன் அதைப் பார்த்து என்ன அசந்துபோவான் என்று யாரும் கேட்கவில்லை.

மேனேஜர் ரேக் அண்ணனைக் கூப்பிட்டார். “ஆஃப் பண்ணி, மேல தூக்கிட்டுப் போய், ஆன் பண்ணணும். அவ்வளவுதானே?”

ரேக் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆஃப் பண்ணலாம் சார். தாராளமாப் பண்ணலாம். ஆன் ஆகும்னு மட்டும் என்னால எழுதித் தர முடியாது.”

“என்னய்யா இப்படிச் சொல்றீங்க?”

“நீங்க கையெழுத்துப் போடுங்க, இப்பவே ஆஃப் பண்ணிடறேன்.”

கையெழுத்து என்றதும் மேனேஜரின் பேனா சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டது. “வேற வழி இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு சார். உயிரோடயே தூக்கிட்டுப் போயிடலாம்.”

அன்று மாலை இதை வீட்டில் சொன்னபோது மனைவி தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். “உண்மையைச் சொல்லுங்க. அணைச்சா எழுந்திருக்குமா, எழுந்திருக்காதா?”

“தெரியாது.”

“தெரியாதா, தெரிஞ்சுக்க இஷ்டமில்லையா?”

பல் டாக்டரிடம் இருந்து இருந்து எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ரேக் அண்ணன் எழுந்து கையைக் கழுவப் போனார். படுத்தும் தூக்கம் வரவில்லை. அணைந்த பெட்டி எழாமல் போனால் கம்பெனிக்குக் கேடு. சர்வ சாதாரணமாக எழுந்துவிட்டால் அவருக்குக் கேடு. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்று ஆகிவிடும். இரண்டில் எது நடந்தாலும் தாங்காது. ஆகவே அது அணையவே கூடாது.

ஒரு விடுமுறை நாள் காலையில் ஊர்வலம் புறப்பட்டது. கிடங்கில் வாஷ்பேசின் ஏற்றும் தள்ளுவண்டி, அதன் கீழ்த்தட்டில் ஒரு தனி யுபிஎஸ், மேல்தட்டில் ரேக் அண்ணன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பஞ்சு மெத்தை. பெட்டிக்குத்தான் இரண்டு பவர் சப்ளை இருக்கிறதே. ஒரு வயரை ரேக்கின் யுபிஎஸ்ஸிலிருந்து பிடுங்கி வண்டி யுபிஎஸ்ஸில் செருகினார். பச்சை விளக்கு நிலைத்ததும் அடுத்த வயர். நெட்வொர்க் கேபிள்களைக் கழற்றினார். பிறகு ரெயிலின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் ஒரே நேரத்தில் அழுத்த, நான்கு சுமைதூக்கிகள் பெட்டியை ஏந்திக்கொண்டார்கள்.

“சாய்க்காதீங்க! உள்ளே டிஸ்க் சுத்துது. மூச்சுகூட மெதுவா விடுங்க.”

“அண்ணே, பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறப்பகூட என் பொண்டாட்டியை நான் இப்படித் தூக்கல” என்றார் ஒரு சுமைதூக்கி.

“அவங்க விழுந்தா எழுந்துப்பாங்க” என்றார் ரேக் அண்ணன். கிண்டலாகச் சொல்லவில்லை.

வண்டி நகர்ந்தது. மின்சாரம் இல்லாத யுபிஎஸ் பீப் பீப் என்று அழுதுகொண்டே வந்தது. முன்னால் மேனேஜர், “வழி, வழி, வழி விடுங்க” என்று ஈ காக்கை இல்லாத நடைபாதையில் கூவிக்கொண்டு போனார். பின்னால் காவலாளி ஏன் என்றே தெரியாமல் விசில் ஊதினார். கணக்குப் பெண் ஒவ்வொரு கதவாகத் திறந்து பிடித்தாள். லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பலகை போட்டு மூடி, சக்கரத்தை அங்குலம் அங்குலமாக ஏற்றினார்கள். லிஃப்ட் கதவு மூடியபோது பீப் சத்தம் கொஞ்சம் வேகமானது. ரேக் அண்ணன் குனிந்து யுபிஎஸ்ஸில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் என்று யோசித்து, யோசித்ததற்காகத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டார்.

நிற்கவில்லை. மேல்தளத்தில் வண்டி இறங்கியது, கண்ணாடி அறைக்குள் நுழைந்தது, புது ரேக்கின் ரெயிலில் பெட்டி உட்கார்ந்து உள்ளே போனது. ஒரு வயரைப் புது யுபிஎஸ்ஸுக்கு மாற்றினார், பச்சை. அடுத்ததையும் மாற்றினார், பச்சை. நெட்வொர்க்கைச் செருகித் திரையில் பார்த்தார். நாள் எண்ணிக்கை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுமைதூக்கிகள் கைதட்டினார்கள், மேனேஜர் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரேக் அண்ணனின் வாழ்க்கையிலேயே அதைவிட நல்ல நேரம் ஒன்று இருந்திருக்காது, கல்யாணத்தையும் சேர்த்துத்தான்.

“ஒண்ணே ஒண்ணு அண்ணே” என்றார் மேனேஜர். “அந்த முன்மூடியைக் கழட்டி வெச்சுடுங்க. முதலாளி திறந்து வைக்க வர்றார். போட்டோவுல லைட் எல்லாம் பளிச்சுன்னு தெரியணும்.”

வெற்றி தலைக்கேறியிருந்த நேரம். கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்த மூடி வெறும் அலங்காரத்துக்கு இல்லை, முன்பக்கம் இருக்கும் பொத்தான்களில் கண்டவர் கை படாமல் இருக்கத்தான் என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும்.

முதலாளி குடும்பத்தோடு வந்தார். மருமகன் டை கட்டியிருந்தான். முதலாளி நாடாவை வெட்டினார், கம்பெனி எப்படி வளர்ந்தது என்று பேசினார், யாரும் கேட்காததால் இன்னும் கொஞ்சம் பேசினார். ரேக் அண்ணன் ரேக்குக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, தொங்கிய கேபிள்களை அழகாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர், “சார், சும்மா நிக்காம எதையாவது தொடுங்க சார், நீங்கதான் ஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்கும்” என்றார்.

முதலாளி தேடினார். பெட்டியின் முகப்பில் ஒரு வட்டப் பொத்தான் பச்சையாக ஒளிர்ந்தது. இதைவிட நல்ல பொத்தான் எங்கே கிடைக்கும்? ஆட்காட்டி விரலை நீட்டி, சிரித்துக்கொண்டே, நன்றாக அழுத்தினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். ரேக்குக்குப் பின்னால் இருந்தவருக்கு மட்டும் கைதட்டலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. காற்றாடிகளின் தொனி இறங்கியது. அவர் எழுந்த வேகத்தில் தலை இரும்பில் இடித்தது. முன்னால் ஓடிவந்தபோது திரையில் ‘நிறுத்தப்படுகிறது’ என்ற வரி வந்துவிட்டிருந்தது. அது மரியாதை தெரிந்த பெட்டி. ஒவ்வொரு வேலையாக மூடி, எல்லாவற்றையும் எழுதி வைத்து, விளக்குகளை அணைத்து, அடங்கிப்போனது.

“ஸ்டார்ட் ஆயிடுச்சா?” என்று கேட்டார் முதலாளி.

அந்தக் கணத்தில் எடுத்த படம் இப்போதும் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. முதலாளியின் விரல் பொத்தானில். பின்னால் பேயறைந்த மாதிரி வாயைப் பிளந்துகொண்டு ஒருவர். வருகிறவர்கள் அதை வியப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “அண்ணே, எழுந்திருக்குமா அண்ணே?” என்று கிட்டத்தட்ட அழுதார். சம்பளம், பில், இருப்பு, எல்லாம் அந்தக் கறுப்புத் தகரத்துக்குள். கணக்குப் பெண் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள். முதலாளிக்குக் கூட நிலைமை மெல்ல உறைத்தது. விரலை எடுத்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

ரேக் அண்ணன் பொத்தானில் விரலை வைத்தார். எழ வேண்டும் என்று எல்லோரும் அவரவர் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்பது நமக்குள் இருக்கட்டும்: எழக்கூடாது என்றுதான். ஒரு டிஸ்க்காவது ஒட்டிக்கொள்ளட்டும், ஒரு சிவப்பு விளக்காவது எரியட்டும், கொஞ்சம் போராடட்டும், நான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு காப்பாற்றுகிறேன். அப்படி நினைத்த மனதை அவரே அருவருத்தார். ஆனாலும் நினைத்தார். அழுத்தினார்.

காற்றாடிகள் ஒரே கூச்சலாக அலறி, பிறகு தணிந்தன. நினைவகம் சரிபார்க்கப்பட்டது. டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் பச்சை காட்டின, முதலாவது, இரண்டாவது, கடைசி வரைக்கும். ‘பிறகு, பிறகு’ என்று அவர் தள்ளிப்போட்ட மாற்றங்களையெல்லாம் பெட்டி கடகடவென்று முடித்துக்கொண்டு, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு நின்றது. கணக்குப் பெண் கீழே ஓடி ஒரு பில் போட்டுப் பார்த்தாள். படியேறி வந்து மூச்சிரைக்கச் சொன்னாள்:

“வேலை செய்யுது அண்ணே! முன்னைவிட வேகமா இருக்கு!”

பாவிப் பெண், நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னாள்.

முதலாளி பையிலிருந்து விரலை வெளியே எடுத்தார். “இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை கூத்து?” என்று சிரித்தார். முதலாளி சிரித்ததால் மேனேஜரும் சிரித்தார். மேனேஜர் சிரித்ததால் சுமைதூக்கிகள் வரைக்கும் சிரித்தார்கள். மருமகன், தான் ஏதாவது சொல்லியாக வேண்டிய இடம் இது என்று உணர்ந்து, “இவ்ளோ சுலபமா ஆன் ஆகுதுன்னா, சாயங்காலம் போறப்ப ஆஃப் பண்ணிடலாமே? கரண்ட் மிச்சம், ஏசி மிச்சம்” என்றான். அவன் கம்பெனியில் சொன்ன முதல் யோசனை அது. முதலாளி பூரித்துப்போனார்.

“கேட்டீங்கள்ல?” என்றார் மேனேஜர். குரலை இறக்கவில்லை. “லைட், ஃபேன் அணைக்கிறப்ப இதையும் அணைச்சுட்டுப் போங்க. நீங்க இல்லாத அன்னைக்கு வாட்ச்மேன் பார்த்துப்பார். அந்தப் பச்சைப் பொத்தான்தானே?”

“ஆமா சார்” என்றார் ரேக் அண்ணன். “அந்தப் பச்சைப் பொத்தான்தான்.”

அன்று எல்லோரும் போனபிறகு அவர் அழுத்தினார். பெட்டி அடங்கியது. வெளியே வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை.

வீட்டில் மனைவி பதறிப்போனாள். “என்னங்க, இந்நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மெத்தை, லிஃப்ட், நாடா, விரல். முதலாளி பொத்தானை அழுத்திய இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அய்யோ, அப்புறம்? எழுந்திருச்சாளா உங்க சக்களத்தி?” என்றாள்.

“எழுந்திருச்சிடுச்சு.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தார். நாள் முழுக்கப் போராடினேன் என்று சொன்னால் நம்பிவிடுவாள். அவள் நம்புகிறவள்தான்.

“ஒரு டீ ஆறுற நேரம்.”

அவள் சிரிப்பு மெல்ல நின்றது. கல்யாணத்தையும் நீச்சலையும் சொல்லிக் காட்டியே பழக்கப்பட்டவள், இத்தனை வருஷத்தில் கேலிக்கு எடுக்காத விஷயம் ஒன்று இருந்தது. அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்த அன்று, இரண்டு டிஸ்க் ஆரஞ்சு காட்டுகிறது, இப்போது விட்டுவிட்டு வந்தால் எல்லாம் போய்விடும் என்று இவர் போனில் சொன்னார். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனாள். மாப்பிள்ளை வந்துவிட்டாரா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் போனபோது கேட்பதற்கு ஆள் இல்லை.

ரேக் அண்ணனுக்கும் அதே நாள்தான் நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“எங்கப்பா கேட்டப்பல்லாம் நான் உங்களை விட்டுக்கொடுக்கல” என்றாள் அவள். “அவரால வர முடியாதுப்பா, அது நின்னா எழுந்திருக்காதுன்னு சொன்னேன். அவரும் நம்பினாருங்க.”